லில்லிக்குப் பக்கத்து இடம்

மார்ச் 5, சாம்பல் புதன்

காலை ஆராதனை மணி 6.04க்கு அடித்தது. நான்கு நிமிஷம் தாமதம்.

முப்பத்தோரு வருஷம் கிருபாபுரம் பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக இருந்தவன் நான். வண்டி வந்த நேரம், வண்டி போன நேரம், இவை தவிர எதையும் எழுதிப் பழக்கமில்லை. இப்போது எழுத உட்கார்ந்திருப்பது புது ஐயரால். ஜெபசிங் ஐயர் இந்தச் சபைக்குப் போதகராக வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள் எல்லாரையும் புரட்டிப்போடப் பார்க்கிறார். "ஈஸ்டர் வரைக்கும் லெந்து நாள் நாப்பதும் ஒண்ண விடுங்க, ஒண்ணக் குடுங்க. குடுக்கிறது பணமா இருக்கக்கூடாது. என்ன நடந்ததுன்னு உண்மையா எழுதி வைங்க. யாருக்கும் காட்ட வேண்டாம்" என்று பிரசங்கத்தில் சொன்னார்.

டீயை விட்டேன். கொடுப்பதற்கு என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. பணம் என்றால் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

மணி தாமதமானது ஏன் என்று வேதமணியிடம் கேட்டேன். கோயில்பிள்ளையாக இருந்த அவள் புருஷன் மலையாளத்துக்கு வேலைக்குப் போய்த் திரும்பாமலே போனான். அன்றிலிருந்து கோயிலைப் பெருக்குவது, விளக்குப் போடுவது, மணியடிப்பது எல்லாம் அவள்தான். முப்பது வருஷத்துக்கு மேல் இருக்கும். ஒருநாளும் பிந்தியதில்லை.

"கை ஓயுது அண்ணாச்சி. கயிறு என்னய இழுக்குது" என்றாள்.

மார்ச் 6

டீ இல்லை. தலைவலி.

மார்ச் 9, ஞாயிறு

மணியை யாரோ அடித்தார்கள். யார் என்று கேட்கவில்லை. அப்படி அடித்தால் தீப்பிடித்துவிட்டது என்றுதான் ஊர் நினைக்கும்.

வேதமணிக்கு வயிற்றில் கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். வீடு என்பது கோயிலுக்குப் பின்னால் இருக்கிற ஒற்றை அறைதான். பெண்கள் சங்கத்தார் ஆளுக்கொரு நாள் சாப்பாடு கொண்டுபோவதென்று முறை போட்டார்கள். புதன்கிழமைக்கு ஆள் இல்லை. ஐயர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"எனக்குக் கஞ்சியும் ரவை உப்புமாவும்தான் தெரியும்" என்றேன்.

"அந்த அம்மாவுக்குக் கஞ்சிதான் இறங்குதாம்" என்றார்.

ஆள் பிடிப்பதில் அந்தக் காலத்துப் பிரைவேட் பஸ் கிளீனர்கள் இவரிடம் படிக்கவேண்டும்.

மார்ச் 12, புதன்

கஞ்சியும் பருப்புத் துவையலும் கொண்டுபோனேன். மெலிந்துவிட்டாள். நான் போனதும் எழுந்து உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"அண்ணாச்சியாக்கும் கஞ்சி வச்சீங்க? லில்லியக்கா பாத்தாச் சிரிப்பாவ."

லில்லி என் மனைவி. போய்ப் பதினோரு வருஷம். லில்லி ஆஸ்பத்திரியில் கிடந்த ஒன்பது நாளும் வேதமணிதான் கூட இருந்தாள். தலைவாரிப் பூ வைத்துவிட்டதுகூட அவள்தான். அதை நான் மறக்கவில்லை.

நல்ல பெண். இத்தனை வருஷத்தில் என்னிடம் எதுவும் கேட்டதே இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

ஆராதனைக்குப் பின் கல்லறைத் தோட்டம் போனேன். சபைக் காரியங்களைப் பார்க்கிற சேகரக் கமிட்டியில் கல்லறைத் தோட்டத்துக்குப் பொறுப்பு நான்தான். பதினாறு வருஷமாகப் பார்க்கிறேன். தோட்டம் நிறைந்துவிட்டது. இப்போது யார் இறந்தாலும் உடங்காட்டு விலக்கில் வாங்கிப்போட்ட புது இடத்துக்குத்தான் போகவேண்டும். பழைய தோட்டத்தில் மிச்சமிருப்பது ஒரே ஒரு இடம். அது என்னுடையது.

சுவரோரம் வேப்பமரத்தடியில் லில்லி. அவளுக்கு இடப்பக்கம் எனக்கான இடம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே கல். கல்லில் அவள் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரையும் அப்போதே வெட்டச் சொல்லிவிட்டேன். 'அருமைநாயகம், பிறப்பு 11.2.1951, இறப்பு' என்று வெட்டி, மேற்கொண்டு இடம் விட்டிருக்கிறது. பியூலாவுக்கு, என் மகளுக்கு, அதைப் பார்த்தாலே ஆகாது. எனக்கு ஒன்றுமில்லை. ரிசர்வ் செய்த சீட்டைப் பார்ப்பதுபோலத்தான்.

என் இடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னக் கல்லறை. வேதமணியின் மகள் கிருபை. நாலு வயதில் மூளைக்காய்ச்சலில் போனது. வேதமணி சனிக்கிழமைதோறும் அங்கே வந்து பெருக்கிச் சுண்ணாம்பு அடிப்பாள். அப்படியே லில்லியின் கல்லறையையும் பெருக்கிவிட்டுப் போவாள். நான் சொன்னதில்லை, அவளாகச் செய்வது. இரண்டு வாரமாகச் சருகு கிடக்கிறது. நானே பெருக்கினேன். குனிந்து நிமிர்ந்ததில் நெஞ்சில் ஒரு பிடிப்பு. வாயுதான்.

மார்ச் 17, திங்கள்

கமிட்டி கூடியது. கடைசியில் ஐயர் பேச்சை எடுத்தார். "வேதமணியம்மாவுக்கு மகள் பக்கத்துல அடக்கம் பண்ணணும்னு ஆசை. ஏதாவது வழி உண்டா?"

நான் விதியை வாசித்துக் காட்டினேன். கணவனோ மனைவியோ அங்கே அடக்கமாகியிருந்தால் மட்டுமே பக்கத்து இடம் ஒதுக்கப்படும். பிள்ளை என்று விதியில் இல்லை. இடமும் இல்லை.

"யார் போட்ட விதி?" என்று கேட்டார்.

"கமிட்டி."

"எழுதினது?"

"நான்தான்."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன். ஆளாளுக்கு ஒரு ஆசை இருக்கும். எல்லா ஆசைக்கும் வண்டியை நிறுத்தினால் வண்டி ஊர் போய்ச் சேராது.

மார்ச் 19, புதன்

கஞ்சி. பாதி குடித்தாள். இடம் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மணிக்கயிற்றுக்கு எண்ணெய் தடவச் சொன்னாள். தடவினேன்.

மார்ச் 22

பியூலா கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தாள். "ஈசிஜி எடுத்தீங்களாப்பா?" எடுத்தேன் என்றேன். எடுத்தது உண்மைதான். டாக்டர் சொன்னதைச் சொல்லவில்லை. ஈஸ்டர் முடியட்டும்.

மார்ச் 25, செவ்வாய்

உடங்காட்டு விலக்குக்குப் போய்வந்தேன். ஆக வேண்டியதைப் பார்த்து வைக்கவேண்டுமே. கிருபாபுரத்திலிருந்து 9.40 வண்டி, விலக்கில் இறங்கும்போது 10.02. இருபத்திரண்டு நிமிஷம். இந்தத் தடத்தில் என் காலத்தில் பதினெட்டுதான்.

முள்கம்பி வேலி. உள்ளே ஆறு கல்லறை. மரம் என்று ஒன்றும் இல்லை, உடைமுள்தான். இரண்டு ஆடு ஒரு சிலுவையில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தன. விரட்டினேன். நல்ல மண், குழி சரியாது. வெயில்தான் அதிகம். திரும்ப வண்டி கிடைக்க ஐம்பது நிமிஷம் நின்றேன்.

மார்ச் 26, புதன்

"புது இடத்தப் பாத்துட்டு வந்தேன் வேதமணி. நல்ல வெளி. காத்து பிச்சுக்கிட்டுப் போகுது" என்றேன்.

சிரித்தாள். "எனக்கு இனிமே எதுக்கு அண்ணாச்சி காத்து?"

எனக்கும் சிரிப்பு வந்தது. வெளியே வந்ததும் அது போய்விட்டது.

ஏப்ரல் 2, புதன்

பழைய பேச்சு ஒன்றை எடுத்தாள். கஞ்சி ஆறிப்போனது. பாத்திரத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. வாயு.

ஏப்ரல் 9, புதன்

கஞ்சியை எதிர்வீட்டு ஹெப்சிபாவிடம் கொடுத்தனுப்பினேன். "நீங்க போகலையாண்ணாச்சி? அவிய உங்களத்தான் தேடுதாவ" என்றாள். கால் வலி என்றேன். மாலையில் அதே காலோடு தபாலாபீஸ் வரை நடந்து போவதை ஹெப்சிபா பார்த்துவிட்டாள்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

ஓலை பிடித்துக்கொண்டு ஊர் சுற்றி வந்தோம். பாதியில் மூச்சு வாங்கியது. கமாலியேல் கடைப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். டீ வாசம் கொல்லுகிறது.

பெரிய வெள்ளிக்கு எனக்கு வழக்கமான வாசிப்புதான். மும்மணி ஆராதனையின் முடிவில், ஆண்டவரை அடக்கம் செய்த பகுதி. பத்தொன்பது வருஷமாக நான்தான் வாசிக்கிறேன். கல்லறைக்காரன் என்பதால் இல்லை, குரல் நன்றாக இருப்பதால். பஸ் நிலையத்தில் மைக்கில் ஊர்ப்பெயர் சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரல்.

ஐயர் சொன்னார்: "இந்த வருஷம் வாசிக்கிறதுக்கு முன்னால நாலு நாள் அதை மனசுல வச்சிருங்க அண்ணாச்சி."

எனக்கு மனப்பாடம் என்றேன்.

ஏப்ரல் 16, புதன்

போனேன். கஞ்சி இறங்கவில்லை. ஸ்பூனால் தண்ணீர் கொடுத்தேன், பாதி வழிந்தது. முகத்தைத் துடைத்துவிட்டேன். ஒரு பெண்பிள்ளையின் முகத்தை நான் துடைப்பது லில்லிக்குப் பிறகு இதுதான். லில்லிக்கும் நான் துடைத்ததைவிட வேதமணி துடைத்ததுதான் அதிகம்.

மெதுவாகப் பேசினாள். காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டேன்.

"அண்ணாச்சி, அன்னிக்கு நான் அந்தப் பேச்ச எடுத்திருக்கக்கூடாது. அதான் போன வாரம் வரல என்னா?"

"கால் வலி."

"நீங்க மனசக் கஷ்டப்படுத்தாதீங்க. லில்லியக்கா பக்கத்துல நீங்கதான் இருக்கணும். அவிய தனியாப் படுக்கப் பயப்படுவாவ, ஆஸ்பத்திரியில பாத்திருக்கேன். நான் உடங்காட்டுக்கே போறேன். கிருபை என்னயத் தேடி வந்திருவா. சின்னப் புள்ள, ஓடி வந்திருவா."

எழுந்து வந்து கோயில் படியில் உட்கார்ந்தேன். யாரும் இல்லை. அழுதேன். எழுபத்துநாலு வயதில் கோயில் படியில் உட்கார்ந்து அழுதேன் என்று எழுதுகிறேன். ஐயர் உண்மையாக எழுதச் சொன்னார்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மார்ச் 12ஆம் தேதி எழுதியது பொய். வேதமணி என்னிடம் எதுவும் கேட்டதே இல்லை என்று எழுதினேன். கேட்டாள்.

பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு லெந்து காலம். தோட்டத்தில் கடைசியாக இரண்டே இடம் மிச்சமிருந்தது, அடுத்தடுத்து. வேதமணி என் வீட்டுக்கு வந்தாள். "கிருபைக்கு ஒட்டின இடத்த எனக்கு விட்டுவைங்க அண்ணாச்சி" என்று கேட்டாள். "பாப்போம்" என்றேன். பஸ் நிலையத்தில் நான் பார்ப்போம் என்று சொன்னால் கண்டக்டர்களுக்கு அர்த்தம் தெரியும், நடக்காது என்று. அவளுக்குத் தெரியவில்லை. சரி என்று எடுத்துக்கொண்டாள். மறுநாள் ஒரு கட்டு முருங்கைக்காய் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அதைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டோம்.

அடுத்த மாதம் லில்லி போய்விட்டாள். அவளைத் தள்ளியிருந்த இடத்தில் வைத்தேன். கிருபைக்கு ஒட்டின இடத்தை எனக்கு எடுத்துக்கொண்டேன். யாரும் கேட்டுவிடக்கூடாது என்று அதற்கப்புறம்தான் அந்த விதியை எழுதினேன். கணவன், மனைவி என்று மட்டும் எழுதினேன். ஓடிப்போனவனின் பெண்டாட்டிக்கு அதில் வழி இருக்காது என்று தெரிந்தே எழுதினேன். கல் நட்ட அன்று வந்த வேதமணி கல்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அந்தச் சனிக்கிழமையிலிருந்து லில்லியையும் சேர்த்துப் பெருக்க ஆரம்பித்தாள்.

இரண்டாம் தேதி அவள் எடுத்த பழைய பேச்சு இதுதான். "நீங்க அன்னிக்கு இல்லைன்னு சொல்லலையே அண்ணாச்சி" என்றாள். அவ்வளவுதான்.

இன்று மூன்று மணிக்கு வாசிக்கப் போனேன். மனப்பாடமான பகுதி. யோசேப்பு என்கிற மனுஷன் வந்து ஆண்டவருடைய சரீரத்தைக் கேட்டு வாங்குகிறார். வெள்ளைத்துணியில் சுற்றுகிறார். தனக்கென்று வெட்டி வைத்திருந்த புதுக் கல்லறையில் வைக்கிறார். பத்தொன்பது வருஷம் இதைக் கணீர் என்று வாசித்திருக்கிறேன். 'தனக்கென்று' வந்ததும் குரல் நின்றுவிட்டது. சபை மொத்தமும் காத்திருந்தது. எப்படியோ முடித்தேன்.

இத்தனை வருஷமும் யோசேப்பை நல்ல மனுஷர் என்று மட்டும் நினைத்திருந்தேன். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், நம்முடைய இடத்தைக் கொடுத்துவிட்டேன் என்று மனைவியிடம் எப்படிச் சொன்னார் என்று இன்றுதான் யோசித்தேன்.

ஆராதனை முடிந்து ஐயர் அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது போய் எல்லாவற்றையும் சொன்னேன், முருங்கைக்காய் உட்பட. என் இடத்தை வேதமணிக்கு விட்டுக்கொடுத்து எழுதி வைத்திருந்த கடிதத்தைக் கொடுத்தேன். வாசித்தார். கண்ணாடியைத் துடைத்தார்.

"கமிட்டி ஒத்துக்கணுமே அண்ணாச்சி. விதி?"

"எனக்குரிய இடத்த நான் விட்டுக்குடுக்கக்கூடாதுன்னு விதியில இல்ல. எழுதினவன் நான், எனக்குத் தெரியும்."

அப்படியே வேதமணியிடம் போனேன். கண் மூடியிருந்தாள். "வேதமணி, கிருபை பக்கத்து இடம் உனக்குத்தான். பதினோரு வருஷத்துக்கு முன்னாலயே உனக்குத்தான். நான்தான் மறிச்சு உக்காந்துட்டேன். என்னய மன்னிச்சிரு" என்றேன்.

கண்ணைத் திறந்தாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"லில்லியக்காட்ட கேட்டீங்களா?" என்றாள்.

"இனிமேத்தான் கேக்கணும்."

"கேட்டுருங்க" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். மணிக்கயிறு பிடித்துக் காய்த்துப்போன கை. பிடி இன்னும் கெட்டியாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 19, சனி

காலை 10.40. வேதமணி போய்விட்டாள். ஹெப்சிபா பக்கத்தில் இருந்தாள்.

துக்க மணி அடிக்க ஆள் இல்லை. இவ்வளவு காலமும் ஊரில் எல்லாச் சாவுக்கும் அடித்தவள் அவள். நான் அடித்தேன். வயதுக்கு ஒன்று, அறுபத்தாறு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் நின்று நிதானமாக அடிக்கவேண்டும், அவள் அடிக்கிற மாதிரி. நாற்பதுக்கு மேல் நெஞ்சு பிடித்தது. ஐயர் வந்து கயிற்றைக் கூடப் பிடித்தார். எண்ணிக்கையை விடவில்லை.

நாலரைக்கு அடக்கம். கமிட்டியில் இரண்டுபேர் முகம் சரியில்லை. அவர்கள் பங்குக்கு முணுமுணுத்துக்கொள்ளட்டும். கல் வெட்டுகிற சுடலைமுத்து காதோரம் வந்து, "கல்லுல உங்க பேரு இருக்கே, செதுக்கி எடுத்துரவா அண்ணாச்சி?" என்று கேட்டான்.

"இன்னிக்கு நேரமில்ல. ஈஸ்டர் முடிஞ்சு பண்ணு. எடுத்துட்டு, வேதமணி, கிருபையின் தாய்னு வெட்டு."

முதல் பிடி மண் நான் போட்டேன்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

விடியற்காலை ஐந்தேகாலுக்குச் சபையார் எல்லாரும் மெழுகுவர்த்தியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் பாடிக்கொண்டே வந்தோம். வருஷாவருஷம் உள்ள வழக்கம். பம்பாயிலிருந்து பண்டிகைக்கு வந்திருந்த சுகிர்தா புதுமண்ணையும் பூவையும் பார்த்தாள், மேலே கல்லில் என் பெயரைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, அண்ணாச்சி எப்பம் போனாவ? யாரும் சொல்லவே இல்லையே" என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

"சுகிர்தா, நான் பின்னாலதான் நிக்கேன்" என்றேன். மெழுகுவர்த்தியைக் கீழே போட்டுவிட்டாள். ஐயருக்கே பாட்டு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது.

கூட்டம் கலைந்த பிறகு நான் மட்டும் நின்றேன். பியூலாவிடம் நேற்றே போனில் சொல்லிவிட்டேன், இடத்தையும் சொன்னேன், டாக்டர் சொன்னதையும் சொன்னேன். இரண்டுக்கும் சேர்த்து அழுதாள். செவ்வாய்க்கிழமை வந்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறாளாம். சரி என்றேன். பார்ப்போம் என்று சொல்லவில்லை.

வேப்பம்பூ உதிர்ந்து மூன்று கல்லறை மேலேயும் கிடந்தது. சின்னது, புதுசு, லில்லி. பெருக்கலாம் என்று விளக்குமாற்றை எடுத்தேன். வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

லில்லியிடம் சொன்னேன். உன்னைக் கேட்காமல் கொடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே என்றேன். தனியாகப் படுக்க நீ பயப்படுவாயென்று வேதமணி சொன்னாள், இனி அவளே பக்கத்தில் இருக்கிறாள், பிள்ளையும் இருக்கிறது என்றேன். நான் உடங்காட்டு விலக்கில் இருப்பேன். தூரம் ஒன்றும் இல்லை, நேரம் பார்த்துவிட்டேன், இருபத்திரண்டு நிமிஷம். உயிர்த்தெழும் நாளில் எக்காளம் ஊதின உடனே முதல் வண்டிக்கு வந்துவிடுவேன், அதுவரை அவளோடு பேசிக்கொண்டிரு என்றேன்.

வீட்டுக்கு வந்து டீ போட்டுக் குடித்தேன். 6.50.